அறிவியல் ஆலோசகரின் சொல் மலைக்கு வரும் வழி: நாடுகாணியிலிருந்து ஒரு மதிப்பீடு

கூடலூரிலிருந்து நிலம்பூருக்குப் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குள் கடைசியாக வரும் ஊர்களில் ஒன்று நாடுகாணி. ஒரு பக்கம் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி. இன்னொரு பக்கம் சுரம் இறங்கினால் கேரளத்தின் வழிக்கடவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய மரங்களையும் பெரணிகளையும் ஆர்க்கிட்களையும் மூலிகைகளையும் காப்பதற்காக வனத்துறை அமைத்த ஜீன்பூல் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு உண்டாக்கிய டேன்டீ என்ற தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்புகள், பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வாழும் ஊர்கள், ஜென்மிகள் எனப்பட்ட பழைய நிலவுடைமையாளர்களிடம் இருந்து இன்னும் பட்டா கிடைக்காத ஜென்ம நிலங்கள், யானைகள் காலங்காலமாக நடக்கும் வழிகள்.

தில்லியில் ஓர் அறிவியல் ஆலோசகர் அரசுக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு பத்தி, இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒருவர் மரம் வெட்டலாமா, வீடு கட்டலாமா, மலைச்சரிவை வெட்டிச் சாலை போடலாமா என்பது வரைக்கும் வந்து சேருகிறது. அந்த ஆலோசகர் யார், எந்தப் படிக்கட்டுகளில் ஏறி அந்த நாற்காலிக்கு வந்தார், அவர் சொல் எப்போது எடுபடுகிறது, எப்போது கோப்பில் உறங்குகிறது என்று மலைவாசிகள் கேட்பதில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்வதுமில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. நாடுகாணியை நிற்கும் இடமாகத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. கடந்த 150 ஆண்டுகளில் அரசுக்குச் சொல்லப்பட்ட நான்கு பெரிய அறிவியல் ஆலோசனைகளின் பலனை இந்த வட்டாரமும் இதன் அண்டைக் காடுகளும் நேரடியாக அனுபவித்திருக்கின்றன. ஒன்று ஏமாற்றியது, ஒன்று காத்தது, ஒன்று காத்தபடியே வருத்தவும் செய்தது, ஒன்று இன்னும் முடிவு காணாமல் தொங்குகிறது.

பதவி உருவான விதம்

அறிவியல் ஆலோசகர் என்ற பதவியைப் பெரிதாக்கியது போர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஆராய்ச்சி முயற்சிகளை வான்னவர் புஷ் ஒருங்கிணைத்தார். 1957-ல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், அதிபர் ஐசனோவர் ஜேம்ஸ் கிலியனைத் தம் அறிவியல் உதவியாளராக வெள்ளை மாளிகைக்கு அழைத்துக்கொண்டார். பிரிட்டனில் 1964-ல் சாலி சக்கர்மன் அரசின் முதல் தலைமை அறிவியல் ஆலோசகரானார்.

இந்தியாவிலும் தொடக்கம் பாதுகாப்புத் துறையில்தான். பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிளாக்கெட் நேருவுக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சி பற்றி ஆலோசனை சொன்னார், 1948-ல் டி.எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகரானார். 1956-ல் ஹோமி பாபா தலைமையில் அமைச்சரவைக்கான அறிவியல் ஆலோசனைக் குழு அமைந்தது. 1958 மார்ச் 4 தேதியிட்ட அறிவியல் கொள்கைத் தீர்மானம், அறிவியலை நாட்டு வளர்ச்சியின் அடித்தளமாக அறிவித்தது. அதன் பிறகு குழுக்கள் மாறி மாறி வந்தன. 1968-ல் ஒரு குழு, 1971-ல் சி. சுப்பிரமணியம் தலைமையில் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழு, 1981-ல் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் மீண்டும் அமைச்சரவைக் குழு, 1986-ல் சி.என்.ஆர். ராவ் தலைமையில் பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழு. கடைசியில் 1999 நவம்பரில்தான் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்ற நிலையான பதவி உருவாகி, அதில் முதலாவதாக ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அமர்ந்தார்.

இந்த வரிசையில் ஓர் உண்மை தெரிகிறது. குழுக்கள் அடிக்கடி மாறின. முந்தைய குழு எதைச் சொன்னது, அதில் எது நிறைவேறியது, எது ஏன் கைவிடப்பட்டது என்ற கணக்கை அடுத்த குழு கையில் வாங்கிக்கொள்ளும் மரபு வளரவில்லை. மலைப்பகுதிகளைப் பொறுத்தவரை இந்த மறதியின் விலை பெரிது. ஒரு காடு அழிவதற்கும் ஒரு சரிவு இளகுவதற்கும் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஒரு குழுவின் ஆயுளோ சில ஆண்டுகள்.

இரண்டு தமிழர்கள், ஒரு நாற்காலி

முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவியின் முதல் 18 ஆண்டுகளில் அமர்ந்த இருவருமே தமிழர்கள். இருவரின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பணியின் இயல்பு தெளிவாகிறது.

கலாம் ராமேசுவரத்தில் பிறந்து, சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்து, இஸ்ரோவிலும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்திலும் பணியாற்றியவர். 1992 முதல் 1999 வரை பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர். பிறகு கேபினட் அமைச்சர் தகுதியோடு முதன்மை ஆலோசகர். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2001 நவம்பரில், அந்தப் பதவியை விட்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். இத்தனைக்கும் அது நாட்டின் உயர்ந்த பதவிகளில் ஒன்று. ராக்கெட்டையும் ஏவுகணையையும் கட்டும்போது அவர் கையில் ஆட்களும் பணமும் காலக்கெடுவும் இருந்தன. ஆலோசகரிடம் அவை எதுவும் இல்லை. அவர் சொல்லலாம், செய்ய வேண்டியவர்கள் அமைச்சகங்கள். கட்டிப் பழகிய ஒருவருக்கு அந்த நாற்காலி போதவில்லை என்பதையே அவருடைய விலகல் காட்டுகிறது.

அவருக்குப் பின் வந்த ஆர். சிதம்பரம் அதே நாற்காலியில் 2018 வரை 16 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். வாஜ்பாய், மன்மோகன் சிங், நரேந்திர மோடி என மூன்று பிரதமர்களின் காலம் அது. 1936-ல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம், 1962-ல் டிராம்பே அணுசக்தி நிலையத்தில் சேர்ந்தார். படிகங்களின் கட்டமைப்பை ஆராய்ந்தவர், 1974 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்கான விஞ்ஞானிகளில் ஒருவரானார். 1990-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர், 1993-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவர், 1998 பொக்ரான் சோதனையின் முன்னணி விஞ்ஞானி. 2025 ஜனவரி 4-ல் தம் 88-வது வயதில் மறைந்தபோது செய்தித்தாள்கள் பெரும்பாலும் அணு விஞ்ஞானி என்ற அடைமொழியோடுதான் அவரை நினைவுகூர்ந்தன.

ஆனால் ஆலோசகராக அவர் விட்டுச்சென்றவை வேறு. நாட்டின் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் அதிவேக இணைப்பில் கோக்கும் தேசிய அறிவு வலைப்பின்னல், 2010-ல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்றது. அந்தக் கருத்தை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். கிராமத்தின் தொழில்நுட்பத் தேவையை ஐ.ஐ.டி.களோடு இணைக்க அவர் உருவாக்கிய அமைப்பு ரூட்டாக் எனப்படும் ஊரகத் தொழில்நுட்பச் செயல் குழு. தொண்டு நிறுவனங்கள் ஊரிலிருந்து பிரச்சினையைக் கொண்டுவர வேண்டும், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் அதற்கு ஒரு கருவியோ செய்முறையோ வடிவமைக்க வேண்டும். கம்பள நெசவாளர்களுக்கான உலோகத் தறி அப்படி வந்தவற்றில் ஒன்று. நெசவாளருக்கு உடல்வலியைக் குறைக்கும் ஒரு தறி, அணுகுண்டைப் போலச் செய்தியாவதில்லை. எனினும் ஆலோசகர் பதவியின் சரியான பயன் எது என்று கேட்டால், அந்தத் தறியைத்தான் முதலில் காட்டுவேன். கட்டளையிடும் அதிகாரம் இல்லாத ஒருவர், சிதறிக் கிடந்த கைகளைச் சேர்த்து வைத்ததால் அது பிறந்தது. பொறுமையும் நீண்ட பதவிக்காலமும் அதற்குத் தேவைப்பட்டன.

2018-ல் வந்த உயிரியலாளர் கே. விஜய்ராகவனுக்குக் கிடைத்தது நெருக்கடிக் காலம். 2021 மே மாதம், கொரோனாவின் மூன்றாம் அலை தவிர்க்க முடியாதது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, கட்டுப்பாடுகள் உறுதியாக இருந்தால் அது பல இடங்களில் வராமலும் போகலாம் என்று விளக்கினார். அதைத் தடுமாற்றம் என்று சிலர் பேசினார்கள். ஆலோசகர் அரசின் காதில் மட்டும் பேசாமல் மக்கள் முன் பேசத் துணிந்ததைத்தான் நான் அதில் பார்க்கிறேன். 2022 ஏப்ரல் மாதம் இயற்பியலாளர் அஜய் குமார் சூட் அந்தப் பதவியை ஏற்றார்.

நால்வரின் பாதையும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஆய்வகம், நிறுவன நிர்வாகம் அல்லது துறைப் பொறுப்பு, பிறகு ஆலோசகர். ஆய்வுத் திறமையும் அரசு இயந்திரத்தின் பழக்கமும் இந்தப் பாதையில் கிடைக்கின்றன. பணியர் குடியிருப்பிலோ தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலோ உட்கார்ந்து கேட்கும் பழக்கத்துக்கு இந்தப் பாதையில் கட்டாய நிறுத்தம் எதுவும் இல்லை. அந்தக் குறை என்ன செய்யும் என்பதை இனி வரும் நான்கு நிகழ்வுகளும் சொல்கின்றன.

முதல் ஆலோசனை: தேவாலாவின் பொன்

தேவாலா, பந்தலூர் ஓடைகளில் பணியரும் குறும்பரும் மண்ணை அலசிப் பொன் எடுத்ததை ஆங்கிலேயர் பார்த்திருந்தார்கள். 1870-களில் தேவாலாவில் ஆல்ஃபா என்ற கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியது. 1879-ல் அரசு ஒரு நிபுணரை வரவழைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றத்தில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரப் ஸ்மித் தான் அவர். தென்கிழக்கு வயநாடு என்று அப்போது அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தை ஆராய்ந்து, இங்கே தங்கச் சுரங்கத் தொழிலுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்று அறிக்கை கொடுத்தார்.

அரசு நிபுணரின் கையெழுத்து லண்டனில் பணமாக மாறியது. கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. லட்சக்கணக்கான பவுன் மூலதனம் திரண்டது. காப்பித் தோட்டங்கள் சுரங்க நிலங்களாக விலை பேசப்பட்டன. இயந்திரங்கள் மலையேறின; பந்தலூர் திடீர் நகரமானது. ஆனால் பாறையை உடைத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த அளவுக்குப் பொன் இல்லை. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் சரிந்தது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இன்னமும் தேவாலாவைச் சுற்றி இருக்கின்றன.

ஸ்மித் அனுபவம் இல்லாதவர் அல்லர். தம் நாட்டில் பெரிய பொறுப்பு வகித்தவர். ஆனால் அவர் பார்த்தது முதலீட்டாளர்கள் பொன்னை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு மலையை. அவர் அறிக்கை தவறானால் நட்டம் யாருக்கு என்ற கேள்வியை எவரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.  கேட்க விரும்புகிற சொல்லை ஒரு நிபுணர் சொன்னதும், அது நிபுணரின் சொல் என்பதாலேயே உண்மை ஆகிவிட்டது. அரசு ஆலோசகர் என்ற முத்திரையின் ஆபத்தை நாடுகாணி வட்டாரம் 1880-களிலேயே பார்த்துவிட்டது.

இரண்டாம் ஆலோசனை: அமைதிப் பள்ளத்தாக்கு

நாடுகாணிச் சுரத்துக்குத் தெற்கே நிலம்பூரின் அமரம்பலம் காடுகள். அவற்றை அடுத்து நீலகிரியின் குந்தா மலைகளும் அமைதிப் பள்ளத்தாக்கும். குந்திப்புழையில் அணை கட்ட கேரள மின்வாரியம் போட்ட திட்டத்துக்கு 1973-ல் திட்டக் குழு ஒப்புதல் தந்தது. அந்த அணையை அறிவியல் ஆலோசனை தடுத்து நிறுத்திய கதையில் ஆலோசகர்களுக்குப் பாடம் நிறைய உண்டு.

முதலில் வந்த ஒரு குழு, திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்று சொல்லிவிட்டு, முடியாதென்றால் 17 பாதுகாப்பு நிபந்தனைகளோடு செய்யலாம் என்றும் சேர்த்து எழுதியது. அரசு இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆலோசகர் தம் முடிவுக்குப் பின்வாசல் ஒன்று வைத்தால், ஆட்சியாளர் எப்போதும் அதன் வழியாகத்தான் வெளியேறுவார்.

அதற்குப் பிறகு, அறிவியலை மக்களிடம் பரப்பும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் களத்தில் இறங்கியது. தாவரவியல் ஆசிரியர் எம்.கே. பிரசாத் போன்றவர்கள் காட்டின் மதிப்பை மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். பொறியியல், பொருளாதாரம், வேளாண்மை அறிந்தவர்கள் சேர்ந்து, இந்த அணை இல்லாமல் மலபாரின் மின்தேவையை எப்படி ஈடுகட்டலாம் என்பதையும் ஆராய்ந்து அறிக்கையாக்கினார்கள். எதிர்ப்போடு மாற்று வழியையும் வைத்ததுதான் அதன் பலம்.

1979-ல் மத்திய வேளாண் செயலராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் அந்தக் காட்டுக்குச் சென்று பார்த்தார். அவர் கும்பகோணத்துக்காரர், இளமையில் காவல் பணித் தேர்வில் தேறியும் அதை விட்டுப் பயிர் ஆராய்ச்சிக்குப் போனவர், சி. சுப்பிரமணியத்தோடு சேர்ந்து பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தவர். உற்பத்தியைப் பெருக்கியவர் என்று பெயர் பெற்ற அவரே, அணை வேண்டாம் என்று எழுதினார். அமைதிப் பள்ளத்தாக்கு, அட்டப்பாடி, குந்தா, அமரம்பலம் காடுகளைச் சேர்த்துச் சுமார் 390 சதுர கிலோமீட்டரை மழைக்காட்டு உயிர்க்கோளக் காப்பகமாக்கலாம் என்று பரிந்துரைத்தார். பயிர்களின் காட்டு உறவுகள் அழிந்தால் நாளைய உழவுக்கு விதை மூலம் இருக்காது என்ற கவலை அவருக்கு எப்போதும் இருந்தது. நாடுகாணியின் ஜீன்பூல் தோட்டத்துக்கும் அடிப்படை அதே கவலைதான்.

இந்திரா காந்தி, எம்.ஜி.கே. மேனன் தலைமையில் மத்திய, கேரள அரசுகளின் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தார். சூழலியலாளர் மாதவ் காட்கில் அதில் இருந்தார். குழுவின் ஆய்வுக்குப் பிறகு 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது; 1984-ல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. 1986 செப்டம்பர் 1-ல் மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுதான்.

இங்கே வெற்றிக்கு மூன்று காரணங்கள் கூடிவந்தன. மேலே, செவிமடுக்கும் ஒரு பிரதமரும் அவர் நம்பும் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். கீழே, மக்கள் மொழியில் பேசும் ஆசிரியர்கள் இருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் எழுத்தில் பதிவான, எவரும் படித்து வாதிடக்கூடிய அறிக்கைகள் இருந்தன.

மூன்றாம் ஆலோசனை: நீதிமன்றத்தின் வழியாக

1995-ல் நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர் ஜென்ம நிலங்களில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான் என்று சொல்லி, இந்தியா முழுவதும் காட்டுச் சட்டத்தின் போக்கையே மாற்றியது. மாநிலங்கள் நிபுணர் குழு அமைத்துக் காடுகளை அடையாளம் காண வேண்டும் என்றது. 2002-ல் நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழு அமைந்தது. அறிவியல் ஆலோசகரின் இடம் அமைச்சரவையிலிருந்து நீதிமன்றத்துக்கு மாறியது என்றே சொல்லலாம்.

அந்த உத்தரவு காப்பாற்றிய காடுகள் ஏராளம். அதற்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் வழக்கு பிறந்த கூடலூரிலேயே தீராத துன்பம் ஒன்றும் தங்கிவிட்டது. 1969-ன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் செக்‌ஷன் 17-ன் கீழ் வரும் நிலங்களில் பல தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்குப் பட்டா இல்லை. அதனால் மின்இணைப்புக்கும் அரசு உதவிகளுக்கும் அலைகிறார்கள். பெரிய தோட்டமும், கால் ஏக்கரில் இஞ்சியும் குருமிளகும் வைத்துப் பிழைக்கும் குடும்பமும் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிட்டன. காட்டின் எல்லையை வரையறுக்க நிபுணர்கள் கேட்கப்பட்டார்கள். அந்த எல்லைக்குள் வாழும் மனிதர்களின் கணக்கை எடுத்துச் சொல்ல அதே உரிமையோடு எவரும் அழைக்கப்படவில்லை.

இந்த அனுபவம்தான் அடுத்தடுத்த ஆலோசனைகள் மீதும் அச்சத்தை ஏற்றியது. 2024-ல் தமிழக வனத்துறையின் வரைவு அறிக்கை மாநிலத்தில் 42 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டபோது கூடலூரும் பந்தலூரும் கொதித்தன. யானைக்கு வழி வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. யானையோடு தினமும் வாழ்பவர்கள் அவர்கள். அறிக்கை தமிழில் வேண்டும், படித்துக் கருத்துச் சொல்ல அவகாசம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அது நியாயமானது.

நான்காம் ஆலோசனை: காட்கிலும் கஸ்தூரிரங்கனும்

2010 பிப்ரவரியில் கோத்தகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாவலர்களின் கூட்டம் நடந்தது. அதில் கலந்துகொண்ட அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், அடுத்த மாதமே காட்கில் தலைமையில் நிபுணர் குழுவை அமைத்தார். 2011 ஆகஸ்ட் 31-ல் அறிக்கை முடிந்தது. மலைத்தொடர் முழுவதையும் சூழல் கூருணர்வு மிக்கதாகக் கொண்டு மூன்று மண்டலங்களாகப் பிரித்த அந்த அறிக்கை, இறுதி முடிவைக் கிராம சபைகளின் விவாதத்துக்குப் பின் எடுக்க வேண்டும் என்றது. மாநில மொழிகளில் பெயர்த்து மக்களிடம் கொடுக்க வேண்டும் என்று காட்கில் வலியுறுத்தி வந்தார்.

நடந்தது வேறு. அமைச்சகம் அறிக்கையை மாதக்கணக்கில் வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் ஆணையமும் தில்லி உயர் நீதிமன்றமும் உத்தரவிட்ட பிறகே, 2012 மே மாதம் அது வெளியானது. அதற்குள் அறிக்கையைப் பார்க்காதவர்களின் வாயில் அது வேறு உருவம் எடுத்துவிட்டது. மலையில் ஒருவரும் குடியிருக்க முடியாது, விவசாயம் செய்ய முடியாது என்று பரப்பப்பட்டது.

அடுத்து இஸ்ரோவின் முன்னாள் தலைவரும் திட்டக் குழு உறுப்பினருமான கஸ்தூரிரங்கன் தலைமையில் 2012-ல் இன்னொரு குழு. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இயற்கை நிலப்பரப்பையும் மனிதர் பயன்படுத்தும் நிலப்பரப்பையும் பிரித்து, மலைத்தொடரில் சுமார் 37 சதவீதத்தை மட்டும் கூருணர்வுப் பகுதியாக 2013 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஒரே மலையை இரண்டு ஆலோசகர்கள் இரண்டு விதமாகக் கண்டார்கள். காட்கில் வாழ்நாளெல்லாம் காட்டில் நடந்தவர். கஸ்தூரிரங்கன் வானிலிருந்து பூமியைப் பார்க்கும் கருவிகளை வளர்த்தவர். அவரவர் தொழில் வாழ்க்கை அவரவர் அறிக்கையில் பதிந்திருக்கிறது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் தேயிலைத் தோட்டமாகிவிட்ட ஒரு செங்குத்துச் சரிவு, படத்தில் மனித நிலப்பரப்பு என்று ஒதுக்கப்பட்டாலும் மழைக்கு அது இன்னமும் சரிவுதான்.

2014 மார்ச்சில் முதல் வரைவு அறிவிக்கை வந்தது. பிறகு வரைவுக்கு மேல் வரைவு. இடையில் 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதே நாட்களில் நிலம்பூர்ப் பக்கம் கவளப்பாறையில் மலைச்சரிவு 59 உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடல்கள் சாலியாற்றில் அடித்துவரப்பட்டு நிலம்பூரில் கிடைத்தன. நாடுகாணி மலையின் மழைநீரும் அந்த ஆற்றுக்குத்தான் போகிறது. மறுநாள், ஜூலை 31 தேதியிட்டு, சுமார் 56,800 சதுர கிலோமீட்டருக்கான ஆறாவது வரைவு வெளியானது. முதல் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 13 ஆண்டுகள். காட்கில் அறிக்கை நிறைவேறியிருந்தால் அந்தச் சரிவு நடந்திருக்காது என்று உறுதி கூற முடியாது. 13 ஆண்டுகள் மக்களோடு பேசியிருந்தால், எந்தச் சரிவில் குடியிருப்பு கூடாது, எப்போது ஊரைக் காலி செய்ய வேண்டும் என்ற தெளிவாவது பிறந்திருக்கும்.

ஆலோசனையைக் கேளாத ஆட்சிக்கு இன்னோர் உதாரணம் அருகிலேயே உண்டு. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்தது. வேளாண் அறிஞர்கள் படிப்படியாகச் செய்யுங்கள் என்று எச்சரித்தார்கள். கேட்கவில்லை, நெல்லும் தேயிலையும் அடிபட்டன, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. இயற்கை வேளாண்மை நல்ல இலக்குதான். இலக்கு நல்லதானாலும் வழி சொல்லும் அறிவை ஒதுக்கினால் ஏழைக் குடும்பத்தின் தட்டில்தான் குறையும்.

நான்கிலிருந்தும் தெரிவது

முதலாவது, ஆலோசகரின் தனித்திறமை போதாது. ஸ்மித்தும் காட்கிலும் கஸ்தூரிரங்கனும் அவரவர் துறையில் பெரியவர்கள். விளைவுகளை நிர்ணயித்தது, அவர்களின் சொல்லைச் சோதிக்கவும் பரப்பவும் ஏற்கவும் இருந்த ஏற்பாடு.

இரண்டாவது, வெளியிடப்படாத ஆலோசனை எதிரிக்கு ஆயுதமாகிறது. அமைதிப் பள்ளத்தாக்கில் அறிக்கைகள் பொதுவெளியில் இருந்தன, உண்மை வென்றது. காட்கில் அறிக்கை பூட்டி வைக்கப்பட்டது, வதந்தி வென்றது.

மூன்றாவது, வாழ்வாதாரத்துக்கு மாற்று சொல்லாத ஆலோசனை நிற்பதில்லை. மின்சாரத்துக்கு வேறு வழி காட்டியதால் அணை நின்றது. பட்டாவுக்கும் வருமானத்துக்கும் வழி சொல்லாததால் கூடலூரில் சந்தேகம் நிலைத்தது. சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளை 1997 முதல் அண்டை வயநாட்டின் கல்பெற்றாவில் மையம் வைத்து, பழங்குடி உழவர்களோடு பாரம்பரிய நெல்லையும் கிழங்குகளையும் காத்துவருகிறது. அரசுப் பதவிகளை எல்லாம் பார்த்து முடித்த ஓர் ஆலோசகர், கடைசியில் உழவர் பக்கத்தில் போய் அமர்ந்தார் என்பது மற்ற ஆலோசகர்களுக்கு வழிகாட்டி.

செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் 1984 முதல் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது. 2022-ல் முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான நிர்வாகக் குழுவும் அமைந்தது. மேலே அமைப்புகளுக்குக் குறைவில்லை. குறை மலைக்கும் கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. நீலகிரிக்கென்று ஓர் அறிவியல் ஆலோசனைக் குழு வேண்டும். மண் அறிந்தவர், மழை அறிந்தவர், யானை அறிந்தவர், பொருளாதாரம் அறிந்தவர் இவர்களோடு பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் பிரதிநிதிகளும், சிறு தேயிலை விவசாயிகளும், தோட்டத் தொழிலாளர்களும் அதில் சம உரிமையோடு உட்கார வேண்டும். உதகையில் மண்வள ஆராய்ச்சி மையம் இருக்கிறது, குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி இருக்கிறது, அறிவுக்குப் பஞ்சமில்லை.

மலைவாழ்வைத் தொடும் எந்த நிபுணர் அறிக்கையும் ஆங்கிலத்தில் வெளியாகும் அதே நாளில் தமிழிலும் வெளியாக வேண்டும். கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். அரசு அதை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். ஆலோசனையை மறுக்கும் உரிமை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு உண்டு. காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமை இல்லை.

கூடலூரிலும் பந்தலூரிலும் இன்று அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ராமேசுவரத்திலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் புறப்பட்டவர்கள் பிரதமரின் அறை வரை போனதைப் போல, நாடுகாணியிலிருந்தும் ஒருவர் போக முடியும். அப்படிப் போகிறவர் தம் ஆய்வகத்தின் அறிவோடு, பட்டா இல்லாத நிலத்தின் துயரத்தையும் ஆடி மழையில் இளகும் சரிவின் பயத்தையும் சேர்த்துக் கொண்டுபோவார். அவர்களுக்கு நல்ல பள்ளியும் கல்லூரியும் ஆய்வகமும் கொடுப்பது அரசின் கடமை. அந்த நாள் வரும்வரை, தங்கள் மலையைப் பற்றி எழுதப்படும் ஒவ்வோர் அறிக்கையையும் தமிழில் கேட்டு வாங்கிப் படித்து, கிராம சபையில் எழுந்து கேள்வி கேளுங்கள் என்பதே இந்த மலை மக்களிடம் என் வேண்டுகோள்.